முள்கரண்டியும் முதல் பந்தியும்

ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் உங்கள் நிறுவனம் வைக்கப்போகும் இரவு விருந்தில் எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கு ஒரு சின்னக் காணொளி போதும் என்பது உங்களுக்கே தெரியும். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், கோட்டு அணிந்து வரவேண்டும் என்ற குறிப்போடு வந்த அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது வேறு. இத்தகைய விருந்துச் சடங்குகள் உண்மையிலேயே நிறுவனங்களையும் மேல்வர்க்கத்தையும் தாங்கிப் பிடிக்கின்றனவா, அல்லது வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற வெறும் பாவனையா, இலை போட்டுச் சாப்பிடும் நம்மிடம் இந்த நோய் கிடையாதுதானே என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு நிறுவனம் நீடித்து நிற்க விருந்து உதவுகிறதா என்பது ஒன்று. ஒரு வர்க்கம் தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்ள உதவுகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே ஆம் என்பேன். இரண்டாவதற்கும் ஆம்தான், ஆனால் பலரும் நினைக்கிற வழியில் அல்ல. நம்மிடம் கிடையாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேட்டரிங் படித்து, மலையிலும் சேலத்திலும் ஓட்டல்களின் பேங்க்வெட், அதாவது பெருவிருந்துப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து, இப்போது அதே தொழிலைக் கற்றுக்கொடுப்பவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். சமூகவியலைப் படித்துத்தான் அறிவேன். மேசையை நேரில் அறிவேன்.

மேசையிலிருந்தே தொடங்குகிறேன். முறையான விருந்தில் ஒருவருக்கென்று அமைக்கும் இடத்தை நாங்கள் 'கவர்' என்போம். கத்திகள் வலப்புறம், வெட்டும் பக்கம் தட்டை நோக்கியிருக்க வேண்டும், முள்கரண்டிகள் இடப்புறம், முதலில் வரும் உணவுக்குரியவை வெளிப்பக்கத்தில், ரொட்டித் தட்டு இடக்கை ஓரம், கண்ணாடிக் கோப்பைகள் கத்தி நுனிக்கு மேலே. எல்லாக் கைப்பிடிகளும் மேசை விளிம்பிலிருந்து ஒரே அளவு உள்ளே தள்ளி நிற்கின்றனவா என்று கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போவோம். இந்த ஒழுங்கு ஆதிகாலத்தது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியப் பெருவிருந்துகளில் பல பண்டங்களையும் ஒருசேர மேசையில் பரப்பிவிடுவார்கள். விருந்தினர் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவருக்கும் எடுத்துக் கொடுப்பார். பிரெஞ்சு முறை எனப்பட்ட அதன் இடத்தை, ஒவ்வொரு பண்டமாகச் சமையற்கட்டிலிருந்து வரும் ரஷ்ய முறை அந்த நூற்றாண்டிலேயே பிடித்துக்கொண்டது. சூடாகச் சாப்பிடலாம் என்பது அதன் நன்மை. ஆனால் அதற்குக் கூடுதல் பாத்திரமும் கூடுதல் நேரமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடுதல் வேலையாட்களும் வேண்டும். மேசை நாகரிகம் என்று நாம் வியந்து பார்ப்பதில் பெரும்பகுதி, நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்பவர்களின் உழைப்பு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் சேர்வராயன் மலையில் ஓர் எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து அந்த மலையில் தோட்ட பங்களாக்களுக்குக் குறைவில்லை; துரைமார் போய் நம்மவர் முதலாளிகளான பின்பும் மேசை முறை பல வீடுகளில் அப்படியே இருந்தது. "பேச்சு காதுல விழலாம், முகத்துல விழக் கூடாது தம்பி" என்பார் அவர். மேசையில் நடக்கும் வேடிக்கைக்குச் சிரிக்கவும் கூடாது, சண்டைக்குச் சுருங்கவும் கூடாது என்று பொருள். எந்த மீனுக்கு எந்தக் கத்தி, யாருக்கு முதலில் பரிமாறுவது, எந்த நொடியில் தட்டை எடுப்பது என்பதையெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்த எவரையும்விட அவர் நன்றாக அறிந்திருந்தார். ஆனால் அந்த மேசையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இதில் இருக்கிறது. விதிகளை அறிவதே வர்க்கம் என்றால் நாட்டிலுள்ள பட்லர்கள் எல்லாரும் சீமான்களாகியிருக்க வேண்டும். விருந்தின் பிடி கரண்டியில் இல்லை. யாரை அழைப்பது, யாரை யாருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது, யார் நின்றுகொண்டே இருப்பது என்பதில் இருக்கிறது.

நிறுவனம் பற்றிய முதல் கேள்விக்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான சான்று லண்டனிலுள்ள நான்கு வழக்கறிஞர் சங்கங்கள், அதாவது இன்ஸ் ஆஃப் கோர்ட். அங்கே பாரிஸ்டர் ஆகத் தேர்வில் தேறுவதோடு சங்கத்தின் கூடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விருந்துகளிலும் கலந்துகொண்டாக வேண்டும் என்பது நெடுங்கால விதி. 1888இல் இன்னர் டெம்பிளில் சேர்ந்து 1891 ஜூனில் பாரிஸ்டரான காந்தி இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் கொஞ்சம் கிண்டலோடே விவரிக்கிறார். ஒரு பருவத்தில் நடக்கும் ஏறத்தாழ 24 விருந்துகளில் குறைந்தது 6. இப்படி 12 பருவங்கள். சாப்பிட்டே தீர வேண்டும் என்பதில்லை, உரிய நேரத்துக்கு வந்து முடியும்வரை இருந்தால் போதும். நால்வர் சேர்ந்த குழுவுக்கு இரண்டு புட்டி ஒயின் தருவார்கள். இவர் தொடமாட்டார் என்பதால் இவரைத் தங்கள் நால்வரில் ஒருவராக்கிக்கொள்ள மற்றவர்களுக்குள் போட்டி. முற்காலத்தில் மாணவர் சிலராக இருந்தபோது மூத்த வழக்கறிஞர்களோடு பேசிப் பழகி உலகறிவு பெற்றிருப்பார்கள், தம் காலத்தில் மூத்தவர்களுக்குத் தனி மேசை போட்டுவிட்டதால் அதற்கும் வழியில்லை, ஆகவே அந்த ஏற்பாடு பொருளிழந்து போயிற்று என்பது அவருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் பாதியைத்தான் நான் ஏற்பேன். கல்வி என்ற முறையில் அது பொருளிழந்திருக்கலாம். சங்கம் என்ற முறையில் இழக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஒருவர் திரும்பத் திரும்ப அதே கூடத்துக்கு, அதே அங்கியோடு, கைக்காசைச் செலவழித்து வருகிறார். எழுந்து நிற்கும் நேரத்தில் எழுகிறார், அமரும் நேரத்தில் அமர்கிறார். மூத்தவர் எங்கே உட்காருவார், தாம் எங்கே உட்கார வேண்டும், என்றாவது ஒருநாள் எங்கே போய் உட்காரலாம் என்பதை யாரும் வாய்திறந்து சொல்லாமலே அவர் உடம்பு கற்றுக்கொள்கிறது. கூடவே, லண்டனில் தங்கவும் அந்த விருந்துகளுக்குச் செலவிடவும் வசதியில்லாதவர் தானாகவே விலகிவிடுகிறார். இன்றும் அங்கே பாரிஸ்டர் ஆக விரும்புபவர், தம் சங்கம் நடத்தும் தகுதி அமர்வுகள் சிலவற்றில் கலந்துகொண்டாக வேண்டும். இப்போது அவற்றில் பயிற்சியும் விரிவுரையும் கலந்திருக்கின்றன, ஆனால் விருந்து முற்றிலும் போய்விடவில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கான உயர்மேசை, அதற்கு முன்னால் லத்தீன் வேண்டுதல், நம் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் மூத்தவர் எழும்வரை எவரும் எழாத வழக்கம், குடியரசுத் தலைவர் பெயரால் கோப்பை உயர்த்துவது ஆகிய எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அமைப்பில், மாறாத ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்து பார்க்கிறார்கள்.

இவ்விடத்தில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சேர்ந்து உண்பவர்களிடையே ஒட்டுறவு அதிகம் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் தீயணைப்பு நிலையங்களைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை, சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் குழுக்களை அவற்றின் அதிகாரிகள் வேலையிலும் சிறந்தவையாக மதிப்பிட்டதாகக் காட்டியது. ஆனால் சேர்ந்து சாப்பிடுவதால் நல்ல குழுவானார்களா, நல்ல குழுவாக இருப்பதால் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு தீர்த்துவைக்காது. மேலும், அங்கே அவர்களே காய் நறுக்கி, சமைத்து, பாத்திரம் தேய்க்கிறார்கள். கோட்டும் இல்லை, இருக்கைப் பட்டியலும் இல்லை. ஆக, ஒட்டுறவைத் தருவது சேர்ந்து உண்ணல்தான், சம்பிரதாயம் அல்ல என்று வாதிடவும் அதே ஆய்வில் இடமிருக்கிறது. என் அனுபவத்தில் சம்பிரதாயம் ஒட்டுறவைவிட வரிசையையே அதிகம் வளர்க்கிறது. ஒரு பேங்க்வெட்டுக்கு மெனுவை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் நிர்வாகிகள், இருக்கைப் பட்டியலை விருந்தன்று மாலை வரை அடித்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள். பெயர் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் தடவையாக மேசையைச் சுற்றிவரும்போதுதான் அந்த நிறுவனத்தில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது எங்களுக்கே தெரியவரும்.

வர்க்கத்துக்கு வருவோம். அரசவையில் தொடங்கிய உணவு நயங்கள் படிப்படியாகக் கீழே இறங்கி, கீழே வந்ததும் மேலே உள்ளவர்கள் புதியனவற்றைக் கண்டுபிடித்ததை சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸ் 1939இலேயே எழுதிக் காட்டினார். மேசையில் மீன் சாப்பிடுவதற்கென்றே வைக்கும் தனிக் கத்தி இதற்கு நல்ல உதாரணம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புதுப்பணக்காரர்கள் அதை ஆசையாக வாங்கி அடுக்கினார்கள். பரம்பரைக் குடும்பங்கள் சிலவோ, அது கடையில் வாங்கிய நாகரிகம் என்று அதையே இளக்காரமாகப் பார்த்தன. சரியான கத்தியை வைத்திருப்பதே தவறாகிவிடுகிற ஆட்டம் இது, ஆகவே விதிகளை மனப்பாடம் செய்து இதில் வெல்ல முடியாது. பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு இன்னும் ஒருபடி போய், சிறுவயதிலிருந்து உடம்பில் ஊறிய சரளமே உண்மையான அடையாளம் என்றும், அதைப் பிறர் பிறவிக்குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் விளக்கினார். இதை என் வகுப்பில் பார்க்கிறேன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் 18 பேருக்கான மேசையை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அமைப்பான். பயிற்சிக்காக அவனையே விருந்தினனாக உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எவரேனும் தண்ணீர் ஊற்ற வந்தால் பாதி எழுந்துவிடுவான். ஏற்காட்டில் விடுதிப் பள்ளியில் படித்த மாணவனுக்குப் பாதி விதிகள் தெரியாது. முட்கரண்டி கீழே விழுந்தால் குனியாமல் வேறொன்று கேட்பான், பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வான். நேர்முகம் நடத்துகிறவர்கள் இரண்டாமவனைத்தான் 'தலைமைப் பண்பு உள்ளவன்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வர்க்கம் விருந்து மேசையில் உண்டாவதில்லை. ஆனால் அது திறமை என்ற பெயரில் மதிப்பெண் வாங்கும் இடங்களில் விருந்து மேசையும் ஒன்று.

இனி நம் இலை. கத்தி இல்லை, முள்கரண்டி இல்லை, எல்லாருக்கும் ஒரே பருப்பு, ஒரே ரசம் என்பது உண்மையே. ஆனால் நம் பந்திக்கும் சட்டம் உண்டு. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும், உப்பும் இனிப்பும் முதலில் வர வேண்டும், எல்லாரும் முடிக்கும்வரை நடுவில் எழக்கூடாது. மெஸ் அதிகாரிகள் கேட்டால் தங்கள் விதியென்றே நினைப்பார்கள். சேலத்தில் எந்தப் பெரிய கல்யாண மண்டபத்திலும் போய்ப் பாருங்கள். பொதுக்கூடத்தில், மோர் சாதத்துக்கு வந்துவிட்டவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் முதுகு உரச நின்றுகொண்டிருப்பார். பக்கத்திலேயே குளிர்சாதன அறையில் முக்கியஸ்தர்களுக்கு வேறு பந்தி, அங்கே யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் நிற்பதில்லை. வீட்டுப் பெரியவர் கைகூப்பிக்கொண்டு பந்தி விசாரித்து வரும்போது யார் இலைமுன் நின்று பேசுகிறார், யாரைத் தலையசைப்போடு கடக்கிறார் என்பதை உண்பவர்கள் எல்லாரும் ஓரக்கண்ணால் கணக்கெடுப்பார்கள். "பந்தி விசாரிக்கக்கூட ஆள் வரல" என்ற ஒரு குறை பத்து வருஷம் பேசப்படும். நாதஸ்வரக்காரரும் சமையல்காரரும் இலை எடுப்பவரும் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் மிச்சமும் விளங்கிவிடும்.

இது கல்யாணத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. 1960களில் காங்கேயம் பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், யார் கையால் யார் சோறு வாங்குவார், விருந்தில் யார் யாரோடு ஒரே வரிசையில் உட்காருவார் என்பதைக் கொண்டே அங்குள்ள சாதிகளின் படிநிலையை வரைந்து காட்ட முடிந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை நம் கொங்குப் பக்கத்துக்குப் புதிய செய்தி அல்ல. அரசியலிலும் பந்தி வரலாற்றைத் திருப்பியிருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில், காங்கிரஸ் நிதி 5,000 ரூபாய் பெற்ற நிலையிலும் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவிட்டது வெளியே தெரிந்தபோது, எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அன்றைய சேலம் மாவட்டத்து ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, மற்றவர் பெரியார். இரண்டு பையன்களின் தட்டு எங்கே வைக்கப்பட்டது என்பதற்காக ஒரு மாகாணக் கட்சியே கொந்தளித்தது என்றால், தட்டு வெறும் தட்டாக இருக்கவில்லை என்றுதானே பொருள். முள்கரண்டி மேசையைவிட நம் பந்தி ஒருவகையில் கடுமையானது என்றும் எனக்குத் தோன்றும். அங்கே பணமும் பள்ளியும் இரண்டு தலைமுறையில் இடம் வாங்கிக் கொடுத்துவிடும். இங்கே இடம் பிறப்பிலேயே குறிக்கப்பட்டிருந்தது.

ஆனாலும் விருந்துச் சடங்கு என்றாலே மேலோர் சதி என்று முடிவுகட்டவும் மாட்டேன். வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவர் யாராயினும் சோறு என்ற ஒரே விதியை நாள் தவறாமல் கடைப்பிடிப்பதுதான் அந்த அமைப்பை ஒன்றரை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. அதுவும் சடங்குதான். சீக்கியர் குருத்துவாராவில் எல்லாரையும் ஒரே தரையில் உட்காரவைக்கும் லங்கரும் அப்படியே. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையாகத் தட்டோடு உட்காருவது பல பிள்ளைகளுக்கு வேறு சாதிப் பிள்ளையோடு சாப்பிட்ட முதல் பந்தி. அதனால்தான் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்ற தகராறுகளும் அங்கேயே அவ்வப்போது எழுகின்றன. ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்தில், ஆட்சியர் உட்காரும் இலை மட்டும் புகைப்படத்துக்கு வசதியான இடத்தில் இருக்கும் என்பதைத் தொழில்காரனாக நான் கவனிக்காமல் இருப்பதில்லை. இருந்தாலும், கோயில் வளாகத்தில் அப்படியொரு பந்தி ஆண்டுதோறும் போடப்படுவதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

எவ்வளவு தூரம் தாங்குகிறது என்ற அளவுக் கேள்விக்குத்தான் துல்லியமான விடை கிடையாது. நிலம், சொத்து, கல்யாண உறவு, பள்ளிக்கூடம் ஆகியவற்றிலிருந்து விருந்தைத் தனியே பிரித்தெடுத்து அதன் எடையை மட்டும் காட்ட எந்த ஆய்வாலும் எளிதில் முடியாது, ஏனென்றால் விருந்துக்கு வருகிறவர்கள் மற்றவற்றையும் கூடவே கொண்டுவருகிறார்கள். என் ஊகம், விருந்து தூண் அல்ல, பூச்சு என்பது. சேலத்தில் ஜவ்வரிசி ஆலையோ வெள்ளிப்பட்டறையோ வைத்துப் பெருத்த குடும்பங்கள் பலவற்றுக்குக் கத்தி பிடிக்க வராது. அவர்கள் செல்வத்துக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை. மாலையில் அவர்களே தட்டு வடை செட் வண்டியைச் சுற்றி, தறித் தொழிலாளியின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, காரச் சட்னி விரலில் வழியச் சாப்பிடுவார்கள். அங்கே இருக்கை இல்லை, அழைப்பு இல்லை, ஆகவே வரிசையும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரவர் வழியே போய்விடுவதால் நிலைக்கிற உறவும் இல்லை. அந்தச் சமத்துவத்தை நான் ரசிப்பேன், ஆனால் அதை வைத்து ஒரு சங்கத்தைக்கூட நடத்த முடியாது.

உங்கள் விருந்துக்கு நடைமுறையாகச் சில சொல்கிறேன். வெளிக்கரண்டியிலிருந்து உள்நோக்கிப் போங்கள், விருந்தளிப்பவர் தொடங்கியபின் தொடங்குங்கள், முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து இணையாக வையுங்கள்; பரிமாறுபவருக்கு அதுதான் சைகை. கத்தி ஒத்துவரவில்லையென்றால் ஸ்பூன் கேளுங்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை, பாதி மேசைக்கு நாங்களே கொடுப்பதுதான். கோட்டு இல்லையே என்று கடன் வாங்க வேண்டாம். 2014 ஜூலையில் வேட்டியில் போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பின் வாசலில் தடுத்த விவகாரத்துக்குப் பிறகு, அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி முதலான நம் மரபுடையைக் காரணம் காட்டிக் கிளப் போன்ற பொது இடங்களில் நுழைவை மறுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே வேட்டியில் போனால் வாசலில் உங்களை எவரும் மறிக்க முடியாது. உள்ளே பெயர் அட்டை எந்த மேசையில் இருக்கும் என்பதற்குச் சட்டம் இல்லை. அழைப்பை அனுப்பிய மனிதவளப் பிரிவிடம் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒரே மேசையில் ஒதுக்கியிருக்கிறார்களா, மூத்தவர்களோடு கலந்து உட்காரவைக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.